காற்றுத் துவக்கின் சத்தத்தைக் குறைக்க வழி உண்டா? (ஒட்டுசுட்டான், கச்சான் தோட்டம்)

கச்சான்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். ஒட்டுசுட்டானில் காட்டோரமாக ஒன்றரை ஏக்கர் கச்சான் (நிலக்கடலை) போட்டிருக்கிறேன். வளவுக்குள் 18 தென்னையும் கொஞ்சம் பப்பாசியும் நிற்கின்றன. காலை ஆறரைக்கு ஒரு தரம், பின்னேரம் நாலரைக்கு ஒரு தரம் குரங்குக் கூட்டம் வரும். செடியை வேரோடு பிடுங்கி, ஒரு கொட்டையைக் கடித்துப் பார்த்து, முற்றவில்லை என்றால் எறிந்துவிட்டு அடுத்த செடியைப் பிடுங்கும். குரும்பை ஒன்றும் மிஞ்சுவதில்லை. 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு நாடு முழுக்க 5 நிமிடம் குரங்கும் மயிலும் எண்ணினோமே, அன்றைக்கு எங்கள் வளவில் மட்டும் 31 குரங்கு எண்ணினேன்.

மாமா பத்திரத்தோடு வாங்கிய காற்றுத் துவக்கு ஒன்று இருக்கிறது. 4.5 மில்லிமீற்றர், குழலை மடித்து ஏற்றுகிற ஸ்பிரிங் வகை. குரங்கைக் கொல்வதற்கில்லை. கூட்டம் நிற்கிற மரத்தின் அடியில் மண் தெறிக்கிற மாதிரி அடிப்பேன், அவை ஓடிவிடும்.

பிரச்சினை சத்தம்தான். அடிக்கும்போது 'படார்' என்று வெடிக்கும், கூடவே ஸ்பிரிங் 'டொய்ங்' என்று இழுக்கும். சில நேரம் குழலால் புகையும் வரும். அம்மாவுக்கு 67 வயது. 2009இல் கடைசிச் சண்டைக்குள் எங்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நடந்தவர். நான் ஒரு வெடி வைத்தால் குசினியில் அவர் கையில் என்ன இருந்தாலும் கீழே வைத்துவிட்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எனக்கு ஒன்றும் சொல்லமாட்டார். கொஞ்ச நேரம் கழித்து அகப்பையை எடுத்துத் தன் பாட்டில் துழாவத் தொடங்குவார். ஒரு நாள் தண்ணீர் குடிக்கப் போனபோதுதான் இதைக் கண்டேன். அதற்கு முதல் எத்தனை மாதம் அப்படி நின்றாரோ.

தோட்டத்தையும் விட முடியாது. சத்தத்தைக் குறைக்க என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குளக்கட்டு:
அண்ணா, வெளிநாட்டு வீடியோக்களில் குழல் நுனியில் ஒரு குழாய் பூட்டுகிறார்கள், சத்தமே இல்லை. லேத் பட்டறையில் கொடுத்தால் அரை நாளில் கடைந்து தருவார்கள். எனக்கும் ஒன்று செய்ய வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வீரைமரம்:
தம்பி குளக்கட்டு, அதை விடுங்கள். இரண்டு காரணம் சொல்கிறேன்.

முதலாவது, அந்த வீடியோக்களில் வருவது பெரும்பாலும் சிலிண்டரில் காற்று அடைத்து அடிக்கிற வகை. அதில் ஒவ்வொரு அடிக்கும் நிறையக் காற்று குழல் வாயால் பாய்கிறது, சத்தத்தில் பெரும்பங்கு அங்கேதான். கச்சான்காரனிடம் இருப்பது ஸ்பிரிங் வகை. பிஸ்டன் ஓடும்போது அழுத்துகிற ஒரு கைப்பிடி காற்றுத்தான் வெளியே வரும். சத்தத்தின் பெரும்பகுதி துவக்கின் வயிற்றுக்குள்ளே பிறக்கிறது. வாயில் எதைப் பூட்டினாலும் வயிற்றுச் சத்தம் குறையாது.

இரண்டாவது, எங்கள் இடத்தில் குழல் நுனியில் அப்படி ஒன்றைப் பூட்டிக்கொண்டு திரிந்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? பத்திரம் உள்ள துவக்கு என்றாலும் பொலிசில் கேட்காமல் குழலில் ஒன்றும் செய்யக் கூடாது. கடைந்தது அரை மயிரளவு கோணினால் குண்டு அதில் உரசி எங்கே போகும் என்று சொல்லவும் முடியாது.

கச்சான்காரன், புகை வருகிறது என்றீர்கள். அதுதான் விஷயம். உள்ளுக்கு எண்ணெய் விடுகிறீர்களா? என்ன எண்ணெய்? யாராவது குண்டு போடாமல் வெறுமனே அடிக்கிறார்களா?

கச்சான்காரன்:
இரண்டும் நடக்கிறது அண்ணை. மாமா கிழமைக்கு ஒரு தரம் தையல் மெசின் எண்ணெய் நாலு சொட்டு காற்று வருகிற ஓட்டைக்குள் விடுவார். 'இரும்பு காயக் கூடாது' என்பார். அக்காவின் மகன் குண்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று சும்மா ஏற்றி ஏற்றி அடித்துக் குரங்கை வெருட்டுவான்.

வீரைமரம்:
அப்படியென்றால் பாதிச் சத்தத்தை நீங்களே ஊற்றி வளர்த்திருக்கிறீர்கள்.

டீசல் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது? காற்றைச் சட்டென்று நெரித்தால் அது கொதிக்கும், அந்தச் சூட்டில் எண்ணெய் தானாகப் பற்றும். ஸ்பிரிங் துவக்கிலும் அதேதான். பிஸ்டனுக்கு முன்னால் எண்ணெய் இருந்தால் அடிக்கிற நேரம் அது எரிகிறது. புகையும் படார் சத்தமும் அதனால்தான். அன்றைக்குக் குண்டு வேகமாகப் போகும், துவக்கு நன்றாக வேலை செய்கிறது என்று ஆட்கள் சந்தோஷப்படுவார்கள். ஆனால் பிஸ்டன் சீல் கருகும், ஸ்பிரிங் முறியும்.

வெறும் அடி அதைவிடக் கேடு. குண்டு இருந்தால் அது ஒரு கணம் காற்றை மறிக்கும். அந்தக் காற்று பிஸ்டனுக்கு மெத்தை மாதிரி. குண்டு இல்லாவிட்டால் பிஸ்டன் போய் இரும்பில் நேரே மோதும். மருமகனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

நான் செய்கிற ஒழுங்கைச் சொல்கிறேன்.

எண்ணெய் விடுவதை நிறுத்துங்கள். உள்ளே இருப்பது எரிந்து முடிய 30, 40 அடி போகும். அதை வீட்டுக்குக் கிட்ட வைத்துச் செய்யாமல் தோட்டத்தின் கடைசி மூலைக்குக் கொண்டுபோய் அடியுங்கள்.

பிடங்கில் (தோளில் அணைக்கிற மரப்பகுதியில்) இருக்கிற திருகாணிகளைப் பாருங்கள். பிடங்கைப் பிடித்திருப்பவை, விசைக் காப்பில் இருப்பவை எல்லாம். ஸ்பிரிங் துவக்கு ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் குலுங்கும், அதனால் திருகாணி தானாகக் கழரும். கழன்றால் மரப்பிடங்கு முழுக்கக் கிடுகிடுக்கும். பல் பறியாத அளவுக்கு இறுக்கினால் போதும்.

குழல் மடிகிற மூட்டில் சின்ன ரப்பர் வளையம் இருக்கும். அந்த மூட்டுக்கு மேல் மெல்லிய கடதாசித் துண்டு ஒன்றை வைத்து, குண்டு போட்டு அடியுங்கள். கடதாசி பறந்தால் அதனால் காற்றுக் கசிகிறது. அந்த வளையம் போனாலே சீறுகிற சத்தம் ஒன்று வரும். மாற்றினால் சரி.

'டொய்ங்' என்பது ஸ்பிரிங் தன் வழிகாட்டிக் கம்பியில் லூசாக நின்று ஆடுவது. உள்ளே துப்புரவாக்கி, தார் மாதிரி ஒட்டுகிற தடித்த கிறீஸ் மெல்லிய படையாகப் பூசினால் அது செத்துப்போகும். ஆனால் இதை வீட்டில் கழற்ற வேண்டாம். ஏற்றாமல் இருக்கும்போதே அந்த ஸ்பிரிங் அமுங்கித்தான் இருக்கிறது. பின்மூடியைக் கழற்றினால் முகத்துக்கு வரும். என் பட்டறைக்கு வந்த ஒருவருக்கு அப்படித்தான் முன் பல் இரண்டு போனது. அமுக்கிப் பிடிக்கிற பொறி உள்ளவரிடம் கொடுங்கள்.

முதிரை:
நான் அக்கராயன் பக்கம். முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன், இப்போது ஓய்வு. வீரைமரம் சொன்னது துவக்குக்குள் இருக்கிற சத்தம். நான் வெளியில் இருக்கிறதைச் சொல்கிறேன்.

குண்டு ஒலியைவிட வேகமாகப் போனால் சாட்டை சொடுக்கின மாதிரி ஒரு வெடிப்பு வரும். அது குழலில் பிறப்பதல்ல, குண்டு போகிற வழி நெடுகப் பிறக்கிறது. எங்கள் ஊரில் 32 பாகை வெயிலில் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர். பெட்டியில் 1,200 அடி என்று பெரிதாகப் போட்டிருந்தால் அது 366 மீற்றர். அந்த வேகம் மிகவும் பாரம் குறைந்த கலப்புலோகக் குண்டில்தான் கிடைக்கும். அதே துவக்கில் அரைக் கிராம் ஈயக் குண்டு போட்டால் வேகம் 300க்குக் கிட்ட இறங்கும், சொடுக்கு நின்றுவிடும். மலிவுக்கு வாங்குகிற பாரமில்லாத குண்டு பிஸ்டனுக்கும் கூடாது. பாரம் அளவுக்கு மிஞ்சினாலும் பிஸ்டன் துள்ளித் திரும்பும். நடுத்தரமாக, 0.5 முதல் 0.55 கிராம் வரைக்கும் எடுங்கள்.

அடுத்தது, எங்கே நின்று அடிக்கிறீர்கள்? தகரக் கூரைக்குக் கீழே நின்றால் கூரை சத்தத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். வெளியில் வந்து நில்லுங்கள். வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும், ஆகவே வீட்டிலிருந்து 20 மீற்றரில் அடிக்கிறதை 80 மீற்றருக்குக் கொண்டுபோனால் 12 டெசிபல். காசு செலவில்லாத வைத்தியம் அதுதான்.

கிடுகு வேலியும் பூவரச வேலியும் சத்தத்தை மறிக்கும் என்று நம்பவேண்டாம். பாரமான பொருள்தான் மறிக்கும். நெஞ்சளவு மண் அணை ஒன்று பத்து வேலிக்குச் சமம்.

காலையில் சத்தம் ஏன் தூரத்துக்குக் கேட்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? இரவில் நிலம் குளிர்ந்து, நிலத்தோடு ஒட்டிய காற்றும் குளிர்ந்திருக்கும். மேல்காற்றுச் சூடாக இருப்பதால் மேலே போகிற ஒலி வளைந்து கீழே வரும். குளத்தின் அந்தக் கரையில் உடுப்புத் துவைக்கிற சத்தம் இந்தக் கரைக்குக் கேட்பதும் அதனால்தான். பின்னேரம் நாலரை அடியைவிடக் காலை ஆறரை அடி அம்மாவுக்கு உரத்துக் கேட்கும்.

கைபேசியில் டெசிபல் பார்க்கிற செயலி இருக்கிறது என்று யாராவது சொல்ல வருவார்கள். இப்படிச் சட்டென்று வந்து போகிற சத்தத்தை அந்த மைக்கால் பிடிக்க முடியாது, அது காட்டுகிற எண்ணை நம்பாதீர்கள். உங்கள் காதையும் நம்பாதீர்கள். பிடங்கில் கன்னம் வைத்திருக்கிறீர்கள், எலும்பு வழியாக ஸ்பிரிங் சத்தம் நேரே உள்ளே போகும். மாமாவை அடிக்கச் சொல்லிவிட்டு, அம்மா நிற்கிற இடத்தில் போய் நில்லுங்கள்.

உவர்மண்:
எனக்கு இது விளங்கவில்லை. குரங்கு கலைப்பதற்குத்தானே துவக்கு? சத்தம் இல்லாமல் போனால் குரங்கு எதற்குப் பயப்படும்? நான் மன்னார்ப் பக்கம், மடுவுக்குக் கிட்ட. பைப்பில் காபைட் போட்டு அடிக்கிறோம், கிராமமே அதிரும். யானைக்கு வனசீவராசிகள் திணைக்களம் தருகிற வெடி இருக்கிறது. சத்தம்தான் எங்களுக்கு வேலி.

கச்சான்காரன்:
அண்ணை, நானும் முதல் வருடம் காபைட் அடித்தவன்தான். முதல் கிழமை காடு வரைக்கும் ஓடியது. இரண்டாம் கிழமை பாலை மரம் வரைக்கும். ஒரு மாதத்தில் பெரிய கடுவன் கொப்பில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தது, ஓடவே இல்லை. சத்தம் வந்தால் ஒன்றும் நடக்காது என்று படித்துவிட்டது. காற்றுத் துவக்கில் காலடியில் மண் தெறிப்பதைக் கண்டால்தான் இன்றைக்கும் எழும்புகிறது. எங்கள் குரங்கு சத்தத்தை மறந்துவிட்டது, அம்மா மறக்கவில்லை.

பாலைப்பழம்:
மல்லாவியில் இருந்து எழுதுகிறேன். துவக்கைப் பற்றி எனக்குத் தெரியாது, குண்டு போய் விழுகிற பக்கத்தில் இருக்கிறவள்.

எங்கள் பக்கத்து வளவில் தென்னையில் ஏறிய குரங்கை அண்ணாந்து அடிப்பார்கள். மேல்நோக்கி அடித்த குண்டு குரங்கில் படாவிட்டால் எங்கே போகும்? சில நூறு மீற்றர் தள்ளிப் போய் விழும். போன வருடம் எங்கள் தண்ணீர்த் தாங்கியில் பட்டது. அந்த நேரம் என் பிள்ளை தாங்கிக்குக் கீழே சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தான். தாங்கியில் உள்ள பள்ளம் என் சுண்டு விரல் நுனி அளவு. கண்ணில் பட்டிருந்தால் கண் போயிருக்கும். அந்தத் துவக்குக்குச் சத்தம் இருந்தபடியால்தான் யார் அடித்தது என்றாவது தெரிந்தது. குளக்கட்டு தம்பி, இதையும் யோசியுங்கள். உங்களுக்குச் சத்தமில்லாத துவக்கு சுகம். வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்களுக்கு அது பயம்.

இன்னொன்று. குரங்கில் படுகிற மாதிரி அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சின்னக் குண்டு, உடனே சாகாது. குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு காலை இழுத்து இழுத்துப் போன ஒன்றைக் கண்டிருக்கிறேன். கச்சான்காரன் மண்ணில் அடிக்கிறேன் என்று சொன்னபடியால்தான் உங்களோடு கதைக்கிறேன்.

அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டீர்களா? எந்தச் சத்தம், எந்த நேரம் என்று?

குளக்கட்டு:
அக்கா, சரி. அந்தக் குழாய்க் கதையை விட்டுவிட்டேன். வீரைமரம் அண்ணையும் எனக்குத் தனியாகக் கொஞ்சம் ஏசினார்.

என்னுடைய பிரச்சினை வேறு. வவுனியாவில் வீட்டுக்குப் பின்னால் 10 மீற்றரில் இலக்கு வைத்துப் பழகுகிறேன். பின்னால் ஒரு தகரம் நிறுத்தியிருக்கிறேன். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறாள். துவக்கை விடத் தகரம்தான் கத்துகிறது.

வீரைமரம்:
தகரத்தைத் தூக்கி எறியுங்கள். ஈயம் தெறித்துத் திரும்பி உங்கள் முகத்துக்கும் வரும்.

ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம், முக்கால் அடி ஆழத்துக்கு மரப்பெட்டி ஒன்று அடியுங்கள். பின்பக்கம் முக்கால் அங்குலப் பலகை. உள்ளே புற்றுமண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, ரொட்டி மாப் பதத்துக்குக் கொண்டுவந்து திணியுங்கள். கொஞ்சம் தேங்காயெண்ணெய் கலந்தால் கெதியில் வெடிக்காது. முன்னால் பழைய சாக்கை இரண்டு மடிப்பாகத் தொங்கவிட்டு அதில் இலக்குக் கடதாசியைக் குத்துங்கள். குண்டு போய் 'புக்' என்று இருந்துவிடும். மண் காய்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். நூறு அடிக்கு ஒரு தரம் மண்ணைக் கிண்டி ஈயத்தைப் பொறுக்கி எடுக்க வேண்டும். கோழி கொத்துகிற இடத்தில் ஈயம் கிடக்கக் கூடாது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

குளக்கட்டு:
செய்து பார்த்தேன். சத்தியமாக அடித்தது பட்டதா இல்லையா என்றே தெரியவில்லை, போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளையின் அப்பாவிடம் நேரே போய், எத்தனை மணிக்கு அடித்தால் தொந்தரவு இல்லை என்றும் கேட்டேன். நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் அவள் வகுப்புக்குப் போய்விடுவாளாம். இப்போது அந்த நேரம் மட்டும்தான்.

கச்சான்காரன்:
மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன்.

எண்ணெய் நிறுத்தினோம். 35 அடியில் புகை நின்றது. பிடங்கில் இரண்டு திருகாணி கையால் சுற்றுகிற அளவுக்குக் கழன்றிருந்தது. மூட்டில் ரப்பர் வளையம் வெடித்திருந்தது, மாற்றினோம். கிளிநொச்சியில் ஒருவர் உள்ளே கழற்றிக் கிறீஸ் போட்டுத் தந்தார். குண்டும் மாற்றினேன். மாமா அடிக்க நான் குசினியில் நின்று கேட்டேன். படாரும் இல்லை, டொய்ங்கும் இல்லை. 'டொப்' என்று ஒன்று மட்டும்தான். மாமாவுக்குப் பெரிய சந்தோஷம்.

ஆனால் அம்மாவுக்குக் கூடிவிட்டது. முதல் நாள் அந்த 'டொப்' கேட்டதும் நிலையைப் பிடிக்கவில்லை. அடுப்படியில் அப்படியே குந்திவிட்டார், இரண்டு கையும் தலையில். எழுப்பப் போனேன். 'பொறு' என்றார். எதற்கோ காத்திருந்த மாதிரி இருந்தது. பிறகு தானாக எழும்பி, ஒன்றுமில்லை என்றார்.

சத்தம் குறைந்தபிறகு ஏன் இப்படி? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. துவக்கை மாமாவின் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். குரங்கு கச்சானில் நிற்கிறது.

பாலைப்பழம்:
தம்பி, உங்களுக்கு அப்போது எத்தனை வயது? சின்னப் பிள்ளையாக இருந்திருப்பீர்கள். எனக்கு 24.

ஷெல் விழுகிற சத்தம் பெரிது. ஆனால் நாங்கள் காது கொடுத்தது அதற்கில்லை. தூரத்தில் ஷெல்லைக் குத்துகிற, அதாவது ஏவுகிற, சத்தத்துக்கு. 'டொப்' என்று ஒன்று கேட்கும், அவ்வளவுதான், மெல்லியதாக. அது கேட்டால் வருகிறது என்று அர்த்தம். அதற்கும் விழுவதற்கும் இடையில் உள்ள நேரத்தில்தான் பிள்ளையை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்க வேண்டும். விழுந்த சத்தம் கேட்டால் நாங்கள் தப்பிவிட்டோம் என்று அர்த்தம். ஆகவே பெரிய சத்தத்தில் பயம் முடிகிறது, சின்னச் சத்தத்தில் தொடங்குகிறது.

அம்மா 'பொறு' என்றது விழுவதற்காகக் காத்திருந்து. உங்கள் துவக்கு முந்தி வெடி மாதிரிக் கேட்டது. இப்போது குத்துச் சத்தம் மாதிரிக் கேட்கிறது. விழுகிற சத்தம் வரவே இல்லை.

எனக்கும் பக்கத்து வீட்டில் உரலில் போடுகிற முதல் உலக்கை அப்படித்தான். இரண்டாவது குத்து விழுந்தால் சரியாகிவிடும்.

வீரைமரம்:
பிள்ளை சொன்னது சரி. நான் திருகாணியையும் கிறீஸையும் சொன்னேனே தவிர இதை யோசிக்கவில்லை. நானும் அதே வீதியால் நடந்தவன், யோசித்திருக்க வேண்டும். தம்பி, மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதிரை:
இதை வாசித்துவிட்டு ஒரு நாள் பதில் எழுதாமல் இருந்தேன்.

பௌதிகம் சொல்வதையும் சொல்லிவிடுகிறேன், பயன்படலாம். கூர்மையான சத்தத்தை இலையும் சுவரும் காற்றும் தின்றுவிடும். மொத்தமான, அதாவது தடித்த, சத்தம் அவற்றைக் கடந்து வீட்டுக்குள் வரும். நீங்கள் கூர்மையை எல்லாம் எடுத்துவிட்டீர்கள், மிஞ்சினது மொத்தம். ஆனால் ஒரு சின்னத் துவக்கின் பிஸ்டனுக்கு அவ்வளவு 'டொப்' இருக்கக் கூடாது. ஏதோ ஒன்று அதைப் பெரிதாக்குகிறது. எதன் மேல் நின்று அடிக்கிறீர்கள்? துவக்கை எதன் மேல் வைக்கிறீர்கள்?

கச்சான்காரன்:
பரண் மேல் சேர். பலகைத் தளம். துவக்கைப் பரணின் முன் தடியில் வைத்து அடிப்போம். பரணுக்குக் கீழே தண்ணீர் பிடிக்கிற நீலப் பீப்பாய் இரண்டு இருக்கிறது, இப்போது கோடை, இரண்டும் வெறும்.

முதிரை:
அதுதான் உங்கள் மேளம். தடியில் வைத்தால் துவக்கின் குலுக்கம் தடிக்குள் இறங்கி, பலகைக்குப் போய், வெறும் பீப்பாயில் முழங்கும். பீப்பாய்களை எடுத்துவிடுங்கள், அல்லது நிரப்புங்கள். பரணை விட்டு இறங்கி மண்ணில் நில்லுங்கள்.

வீரைமரம்:
ஸ்பிரிங் துவக்கை இறுக்கமான ஒன்றில் வைத்து அடிக்கவே கூடாது. குலுங்க இடமில்லாவிட்டால் குண்டு வேறு இடத்துக்குப் போகும். இடது உள்ளங்கையை விரித்து, குருவிக்குஞ்சு இருக்கிற மாதிரி அதன் மேல் துவக்கை இருத்துங்கள். தோளிலும் அமத்திப் பிடிக்காதீர்கள். குலுக்கத்தை உங்கள் சதை வாங்கிக்கொள்ளும், சத்தமும் அங்கேயே சாகும். மண்ணில் நிற்கும்போது குண்டு கீழ்நோக்கிப் போகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பரணில் இருந்த சாய்வு இப்போது இராது. பின்னால் மண் அணை இல்லாத பக்கத்துக்கு அடிக்க வேண்டாம்.

பாலைப்பழம்:
இதெல்லாம் செய்யுங்கள். அதோடு அம்மாவிடம் சொல்லிவிட்டு அடியுங்கள். எங்கள் பக்கத்தில் மிதிவெடி எடுக்கிறவர்கள் வெடிக்க வைக்கிற நாளில் வந்து வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். பத்தரைக்கு வெடிக்கும் என்றால் நாங்கள் பத்தேகாலுக்கே திண்ணையில் இருப்போம். நிலம் அதிரும். ஆனால் நெஞ்சு அதிராது. சொல்லாமல் வருகிற ஒரு டொப்தான் ஆளைக் கொல்லும்.

உவர்மண்:
நான் முதல் எழுதினதை இப்போது வாசித்துப் பார்த்தேன். எங்கள் கிராமமே அதிரும் என்று பெருமையாக எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டில் ஒரு ஆச்சி தனியாக இருக்கிறார். பைப் அடிக்கிற நேரம் எல்லாம் அவர் வீட்டுக் கதவு பூட்டியிருக்கும். வெயிலுக்குப் பூட்டுகிறார் என்று நினைத்தேன். நாளைக்குப் போய்க் கேட்கிறேன்.

கச்சான்காரன்:
இரண்டு மாதம் ஆகிவிட்டது, கேட்டிருந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

பீப்பாய்களைக் கிணற்றடிக்கு உருட்டிவிட்டேன். பரணைவிட்டு இறங்கி, வீட்டிலிருந்து 90 மீற்றரில் கிழக்கு மூலையில் நெஞ்சளவு மண் அணை போட்டேன். டிராக்டருக்கு அரை நாள் கூலி. அணைக்கு அங்கால் இறங்கி நின்று அடித்தால் குசினிக்கு ஓலை விழுந்த மாதிரித்தான் கேட்கிறது. நான் அங்கே நின்று கேட்டுப் பார்த்தேன், மாமாவும் கேட்டார்.

அம்மாவிடம் ஒரு பின்னேரம் குந்தில் இருந்து கேட்டேன். பாலைப்பழம் அக்கா சொன்னதைத்தான் சொன்னார், இன்னும் கொஞ்சமும் சொன்னார். அதை இங்கே எழுதவில்லை. துவக்கை விற்றுவிடவா என்றும் கேட்டேன். 'கச்சானைக் குரங்குக்குக் குடுத்துட்டு என்னத்தைத் தின்னுறது? அடிக்க முதல் ஒரு குரல் குடு' என்றார்.

இப்போது போகும்போது 'அம்மா, போறன்' என்று சத்தம் வைப்பேன். அவர் 'ம்' என்றால்தான் அணைக்குப் போவேன். சில நாள் 'பொறு, சோறு வடிக்கிறன்' என்பார். அந்த நேரத்தில் குரங்கு பத்துச் செடி பிடுங்கும், பரவாயில்லை. முந்தி மாதிரி நிலையைப் பிடிப்பதில்லை. இரண்டு தரம் திடுக்கிட்டார், இரண்டும் நான் குரல் கொடுக்க மறந்த நாட்கள்.

காலை ஆறரைக்குத் துவக்கை எடுப்பதே இல்லை. அந்த நேரம் மருமகன் கெட்டபோலும் (கவணும்) நாயுமாகப் போகிறான். குரங்கு இன்னும் வருகிறது. போன போகத்தைவிட நாலு மூடை கூட எடுத்தோம், அதற்கு நாயும் ஒரு காரணம்.

வீரைமரம் அண்ணை, அணை மாரிக்குக் கரையாமல் இருக்க மேலே என்ன புல் நடலாம்? வெட்டிவேர் நட்டால் நிற்குமா?

வீரைமரம்:
நிற்கும். ஆனால் முதல் மழைக்கு முதல் வேர் பிடித்திருக்க வேண்டும். புரட்டாதி முடிவதற்குள் நடுங்கள். கன்று என்னிடம் இருக்கிறது, கிளிநொச்சிப் பக்கம் வந்தால் சாக்கு ஒன்று கொண்டுவாருங்கள்.